ஒரே ஃபைபர் கேபிளால் பல கிலோமீட்டர் வெப்பநிலையை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒவ்வொரு மீட்டரிலும் வெப்பநிலை தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் சென்சார், ஒவ்வொன்றுக்கும் ஒயர், ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பு என்று இறங்கினால் அந்த வேலை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு கண்ணாடி இழையை அந்தத் தூரம் முழுக்க இழுத்து, ஒரு முனையில் லேசர் கருவியை மாட்டினால், இழை முழுவதுமே சென்சாராக வேலை செய்யும். டிஸ்ட்ரிபியூட்டட் டெம்பரேச்சர் சென்சிங் என்று இதைச் சொல்வார்கள், சுருக்கமாக டிடிஎஸ். நிலத்தடி மின் கேபிள், சுரங்கப்பாதை, எண்ணெய்க் கிணறு, குழாய்ப் பாதை, அணைக்கரை, ஆற்றுப்படுகை என்று பல இடங்களில் இது ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியை ஆன் செய்த சில நிமிடங்களில் திரையில் அழகான ஒரு வளைகோடு வந்துவிடும், அதில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு எண் இருக்கும். அந்த எண் உண்மையா, அது நீங்கள் நினைக்கும் இடத்துக்குரியதுதானா என்ற இரண்டையும் கருவி தானாகச் சொல்லாது. அதைத் தீர்மானிப்பது நீங்கள் களத்தில் செய்யும் வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் கருவியைவிட அளவுத்திருத்தத்துக்கும் இடக்கணக்குக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இழைக்குள் என்ன நடக்கிறது

லேசர் மிகக் குறுகிய ஒரு பல்ஸை இழைக்குள் அனுப்புகிறது. போகிற வழியெல்லாம் கண்ணாடி மூலக்கூறுகளில் பட்டு அதில் மிகச் சிறிய பங்கு சிதறி, அதிலும் ஒரு துளி திரும்பி வருகிறது. கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து ஆழத்தைக் கணக்கிடுவதைப் போல, ஒளி திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கருவி கண்டுபிடிக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது ஒரு நானோநொடிக்கு 20 செ.மீ. போக வர இரண்டு தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால் 10 நானோநொடி பல்ஸ் என்பது இழையில் 1 மீட்டருக்குச் சமம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை தேவைப்படும்.

திரும்பி வரும் ஒளியில் பெரும்பங்கு, போன அதே அலைநீளத்தில்தான் இருக்கும். அதைவிட மிக மிக மங்கலான ஒரு பங்கு மட்டும் அலைநீளம் மாறி வருகிறது. சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் கண்டறிந்த அதே ராமன் சிதறல்தான் இது. ஒளி தன் ஆற்றலில் கொஞ்சத்தைக் கண்ணாடியின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு வந்தால் அலைநீளம் கூடும், அது ஸ்டோக்ஸ். ஏற்கனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிலிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டு வந்தால் அலைநீளம் குறையும், அது ஆன்டி-ஸ்டோக்ஸ். 1064 நானோமீட்டர் லேசர் என்றால் ஆன்டி-ஸ்டோக்ஸ் சுமார் 1016இலும் ஸ்டோக்ஸ் சுமார் 1116இலும் வரும். சூடு ஏற ஏற அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகள் கூடும், அதனால் ஆன்டி-ஸ்டோக்ஸ் வலுக்கும். ஸ்டோக்ஸ் அவ்வளவாக மாறாது. இரண்டின் விகிதத்தை எடுத்தால் வெப்பநிலை கிடைக்கிறது. அறை வெப்பநிலையில் அந்த விகிதம் ஒரு டிகிரிக்கு 1 சதவீதத்துக்கும் குறைவாகவே மாறுகிறது என்பதுதான் இதிலுள்ள சிரமம். 0.1 டிகிரி துல்லியம் கேட்டால், ஏற்கனவே மங்கலான ஓர் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த மாற்றத்தைப் பிடிக்கச் சொல்கிறோம்.

படி 1: என்ன தெரிய வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

கருவியின் விவரப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: எவ்வளவு தூரம், எவ்வளவு சிறிய இடத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும், எவ்வளவு டிகிரி வித்தியாசம் தெரிய வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அளவு வேண்டும், இழை எந்த அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைத் தாங்க வேண்டும். முதல் நான்கும் ஒன்றையொன்று இழுத்துப்பிடிப்பவை. தூரம் கூடினால் ஒளி மங்கும். இடத்தை நுணுக்கமாகப் பிரிக்க பல்ஸைக் குறுக்கினாலும் ஒளி குறையும். துல்லியம் வேண்டுமென்றால் அதிக நேரம் சராசரி எடுக்க வேண்டும். நான்கிலும் சிறந்தது வேண்டும் என்று கேட்டால் எந்தக் கருவியும் கொடுக்காது.

இதில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இடப் பிரிப்புத் திறன், அதாவது ஸ்பேஷியல் ரெசல்யூஷன். கருவி 25 செ.மீ.க்கு ஒரு புள்ளி கொடுக்கிறது என்பதால் 25 செ.மீ. அளவுள்ள சூடான இடம் தெளிவாகத் தெரிந்துவிடாது. புள்ளிகளின் இடைவெளி வேறு, ரெசல்யூஷன் வேறு. 1 மீட்டர் ரெசல்யூஷன் உள்ள கருவியில் 10 செ.மீ. நீளம் மட்டும் 20 டிகிரி கூடுதலாகச் சூடானால், திரையில் சுமார் 2 டிகிரி ஏற்றம்தான் தெரியும். மின் கேபிளின் ஓர் இணைப்பு மட்டும் சூடாவதைப் பிடிக்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. தேவையான இடத்தில் இழையைச் சுருளாகச் சுற்றிவிடுவது. 10 செ.மீ. விட்டமுள்ள குழாயின் மேல் 1 செ.மீ. இடைவெளியில் சுற்றினால், ஒரு சுற்றுக்குச் சுமார் 31 செ.மீ. இழை போகிறது. அப்படியென்றால் 1 மீட்டர் இழை என்பது குழாயில் ஏறக்குறைய 3 செ.மீ. உயரம்தான். ஏரியில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை இப்படி அளக்கலாம்.

படி 2: எந்த முறை

பெரும்பாலான வேலைக்கு ராமன் முறையே போதும், என் பரிந்துரையும் அதுதான். ஒளி போகும் உட்கரு அகலமாக உள்ள மல்டிமோடு இழையில் வழக்கமாகப் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வரை நன்றாக வேலை செய்கிறது. முப்பது கிலோமீட்டர் வரை போகும் கருவிகளும் உண்டு.

அதற்கும் மேலே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் என்றால் பிரில்லுவான் சிதறல் என்ற இன்னொரு வகைச் சிதறலை அளக்கும் முறைக்குப் போக வேண்டும், அதற்கு உட்கரு மிகக் குறுகிய சிங்கிள்மோடு இழை. இங்கே பார்ப்பது ஒளியின் வலிமையை அல்ல, அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை. 1550 நானோமீட்டரில் அந்த நகர்வு சுமார் 11 கிகாஹெர்ட்ஸ், ஒரு டிகிரிக்குச் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் மாறும். ஆனால் இழையை இழுத்தாலும் அது மாறும். ஒரு கிலோமீட்டருக்கு வெறும் 2 செ.மீ. இழுபட்டாலே 1 டிகிரி சூடேறியது போலக் காட்டிவிடும். அதனால் பிரில்லுவான் முறையில் வெப்பநிலை அளக்கும் இழை குழாய்க்குள் தளர்வாகக் கிடந்தே ஆக வேண்டும். இறுக்கமாகப் பொதிந்த கேபிளில் பிரில்லுவான் முறையை நம்பாதீர்கள். நிலம் சற்று நகர்ந்ததை சூடு என்று படித்துவிடுவீர்கள்.

சில மீட்டர் நீளத்துக்குள் மில்லிமீட்டர் அளவு நுணுக்கம் வேண்டுமென்றால் ரேலி சிதறலை, அதாவது அலைநீளம் மாறாமல் திரும்பும் ஒளியை, வைத்து அளக்கும் ஓஎஃப்டிஆர் என்ற முறை இருக்கிறது. குறிப்பிட்ட சில புள்ளிகள் மட்டும் போதுமென்றால் ஃபைபர் பிராக் கிரேட்டிங். இரண்டும் நீண்ட தூர வேலைக்கானவை அல்ல, அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஏற்கனவே தொலைத்தொடர்புக்காகப் புதைத்த கேபிளில் பயன்படாத இழை இருந்தால் அதையே பயன்படுத்தலாமா? பயன்படுத்தலாம். ஆனால் அது பெரும்பாலும் சிங்கிள்மோடாக இருக்கும், கருவி அதற்குப் பொருந்த வேண்டும். மல்டிமோடு கருவியை சிங்கிள்மோடு இழையில் மாட்டினால் ஒளியில் பெரும்பங்கு உள்ளேயே போகாது. அத்தோடு, குழாய்க்குள் காற்றில் கிடக்கும் கேபிள் அந்தக் குழாயின் வெப்பநிலையைத்தான் சொல்லும், நீங்கள் கேட்கும் பொருளின் வெப்பநிலையை அல்ல.

படி 3: கேபிள்

கண்ணாடி மிக உயர்ந்த சூட்டையும் தாங்கும். தாங்காதது அதன் மேல்பூச்சு. சாதாரண அக்ரிலேட் பூச்சு சுமார் 85 டிகிரி வரை. பாலிஇமைடு பூச்சு 300 டிகிரி வரை. அதற்கும் மேலே என்றால் உலோகப் பூச்சு. எண்ணெய்க் கிணறு போன்ற சூடான இடங்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஹைட்ரஜன் கண்ணாடிக்குள் ஊடுருவி இழையைக் கருக்கவைக்கும், ஒளியிழப்பு மாதத்துக்கு மாதம் கூடும். அங்கே கார்பன் பூச்சுள்ள, இதற்கென்றே செய்த இழையைத்தான் எடுக்க வேண்டும்.

மேலுறையைப் பொறுத்தவரை, மெல்லிய கேபிள் சூட்டை வேகமாக உணரும், தடித்த கேபிள் நீண்ட நாள் உழைக்கும். மண்ணில் புதைப்பதற்கு எஃகுக் குழாய்க்குள் இழை வைத்து, மேலே கம்பிக் கவசம் சுற்றிய கேபிள் நல்லது, எலி கடிக்காது, கல் அழுத்தாது. உயர் மின்னழுத்தக் கேபிளுக்குப் பக்கத்தில் மட்டும் உலோகம் இல்லாத கேபிளைப் பாருங்கள், ஏனென்றால் நீளமான உலோகக் கவசத்தில் மின்னழுத்தம் தூண்டப்படும்.

வெயில் படும் இடம் என்றால் கறுப்பு ஜாக்கெட் வேண்டாம். காற்றிலோ தெளிந்த ஆழமில்லாத நீரிலோ கிடக்கும் கேபிள் வெயிலை உறிஞ்சி, சுற்றியுள்ள நீரையோ காற்றையோ விட அதிகச் சூட்டைக் காட்டும். வெள்ளை ஜாக்கெட்டும் மெல்லிய விட்டமும் இதைக் குறைக்கும், முழுவதும் போக்காது.

இழைகளின் எண்ணிக்கையில் சிக்கனம் பார்க்காதீர்கள். குறைந்தது இரண்டு, முடிந்தால் நான்கு. ஒரு கேபிளுக்குள் இரண்டு இழை இருந்தால், தூர முனையில் இரண்டையும் இணைத்து ஒளியைத் திரும்ப வரவைக்கலாம். ஒரே இடத்தை இரண்டு முறை அளந்து ஒப்பிடும் வாய்ப்பு அப்போது கிடைக்கிறது, அடுத்த படிக்கு இது மிக முக்கியம்.

படி 4: ஒரு முனையா, இரு முனையா

ஆன்டி-ஸ்டோக்ஸ், ஸ்டோக்ஸ் இரண்டும் வேறு வேறு அலைநீளம் என்பதால் இழையில் வேறு வேறு வேகத்தில் மங்குகின்றன. குறுகிய அலைநீளமான ஆன்டி-ஸ்டோக்ஸ் அதிகமாக மங்கும். திருத்தாமல் விட்டால் தூரம் போகப் போக இழை குளிர்ந்துகொண்டே போவது போலத் தெரியும். ஒரு முனையிலிருந்து மட்டும் அளக்கும்போது இந்த வித்தியாசம் இழை முழுவதும் சீராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு நேர்கோட்டால் திருத்துகிறோம். நல்ல இழை, நல்ல ஸ்ப்ளைஸ் (இழையோடு இழையை ஒட்டிய இணைப்பு), கூர்மையான வளைவு எதுவும் இல்லை என்றால் இந்த எடுகோள் போதும்.

ஓர் இடத்தில் கேபிள் கூர்மையாக வளைந்தாலோ நசுங்கினாலோ அந்த எடுகோள் உடையும். வளைவில் ஏற்படும் இழப்பு அலைநீளத்தைப் பொறுத்தது, அதனால் விகிதமே மாறி, அந்த இடத்துக்கு அப்பால் வெப்பநிலை முழுவதும் படிபோல ஏறியோ இறங்கியோ நிற்கும். திரும்பி வரும் இழையின் முனையையும் கருவியில் மாட்டி, இரு முனையிலிருந்தும் அளந்து சேர்த்துக் கணக்கிட்டால் இந்தப் பிழை அடிபட்டுப் போகும். அதற்கு ஈடாக ஒளி கடக்க வேண்டிய இழை இரட்டிப்பாகிறது, சலசலப்பும் (நாய்ஸ்) கூடுகிறது. கேபிள் பல வருடம் புதைந்து கிடக்கப்போகிறது, அடிக்கடி பழுதுபார்ப்பு வரும் என்றால் இரு முனை முறையையே எடுங்கள். சில வாரக் கள ஆய்வுக்கு ஒரு முனை போதும்.

படி 5: பதிப்பதும் இணைப்பதும்

இழுக்கும்போது வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தின் 20 மடங்குக்குக் குறையக் கூடாது, கிடக்கும்போது 10 மடங்கு, இது பொதுவான விதி. உங்கள் கேபிளுக்கென்று தயாரிப்பாளர் சொன்ன எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எங்கே பதிப்பது என்பது என்ன தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குழாயில் அழுத்தத்தோடு இருக்கும் இயற்கை எரிவாயு கசிந்தால் விரிந்து குளிரும், மேலே எழும், அதனால் கேபிள் குழாய்க்கு மேல்பக்கம். சூடான எண்ணெய் கசிந்தால் கீழே இறங்கும், கேபிள் கீழ்ப்பக்கம். மின் கேபிளின் மேலுறையில் கட்டினால் தெரிவது உறையின் சூடு, உள்ளே உள்ள கடத்தியின் சூடு அல்ல. எக்ஸ்எல்பிஇ (குறுக்கிணைத்த பாலிஎத்திலீன்) காப்பு உள்ள கேபிளின் கடத்திக்குத் தொடர் வரம்பு 90 டிகிரி, அதைத் தெரிந்துகொள்ள மின் கேபிள் கணக்குக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60287 போன்ற முறைப்படி கணக்கிட்டு உள்ளே போக வேண்டும். அணைக்கரையில் நீர்க்கசிவைத் தேடும்போது நீரும் மண்ணும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் காலத்தில் எதுவும் தெரியாது. அப்போது கேபிளுக்குள் உள்ள செம்புக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கி, எந்த இடம் சீக்கிரம் சூட்டை இழக்கிறது என்று பார்ப்பார்கள். நீர் ஓடும் இடம் சூடேறாமல் குளிர்ந்தே நிற்கும். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது.

இணைப்புகளுக்கு இழை முனைகளை உருக்கி ஒட்டும் ஃப்யூஷன் ஸ்ப்ளைஸ் மட்டுமே. கனெக்டர் கருவியின் அருகே ஒன்று போதும், அதுவும் முனை சாய்வாகத் தேய்த்த ஏபிசி (APC) வகை, அப்போதுதான் ஒளி எதிரொளித்துக் கருவியின் கண்ணைக் கூசவைக்காது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் துடையுங்கள், நுண்பெருக்கியில் பாருங்கள். ஒரு முனை அளவீட்டில் இழையின் தூர முனையையும் அப்படியே விடாமல் சாய்வாக வெட்டியோ சின்ன முடிச்சிட்டோ எதிரொளிப்பை அடக்குங்கள். லேசர் ஓடும்போது இழை முனையை நேராகப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

பதித்து முடித்ததும், இழை நெடுக ஒளியிழப்பைக் காட்டும் ஓடிடிஆர் கருவியை வைத்து முழு இழையையும் ஒருமுறை பார்த்துப் பதிவைச் சேமியுங்கள். பின்னாளில் ஏதாவது மாறினால் ஒப்பிட இது ஒன்றுதான் இருக்கும்.

படி 6: அளவுத்திருத்தம்

இந்த வேலையின் இதயமே இதுதான். ஒரு முனை அளவீட்டில் மூன்று தெரியாத எண்கள் இருக்கின்றன: இழையின் உணர்திறன், கருவியின் லேசரும் டிடெக்டரும் சேர்ந்து தரும் ஒரு நிலையெண், சற்று முன் சொன்ன மங்கல் வித்தியாசம். மூன்று தெரியாதவை என்றால், வெப்பநிலை உறுதியாகத் தெரிந்த மூன்று இடங்கள் இழையில் வேண்டும். கருவிக்கு அருகே வேறு வேறு வெப்பநிலையில் இரண்டு, தூர முனையில் ஒன்று. இரண்டு இழைக் கேபிளைத் திருப்பிக் கொண்டுவந்தால் போகும் இழையையும் வரும் இழையையும் ஒரே தொட்டியில் போடலாம், தூர முனைக்குத் தனித் தொட்டி வேண்டாம்.

தொட்டி அமைப்பது எளிது, கவனம்தான் வேண்டும். ஒன்றில் ஐஸ் கலந்த நீர், இன்னொன்றில் நீங்கள் அளக்கப்போகும் அதிகபட்ச வெப்பநிலைக்கு அருகே சூடான நீர். இரண்டிலும் சின்ன பம்ப் போட்டு நீரைச் சுழலவிடுங்கள். ஐஸ் மிதக்கும், 4 டிகிரி நீர்தான் அடர்த்தி மிகுந்தது என்பதால் அது அடியில் போய்த் தங்கும். கலக்காத ஐஸ் தொட்டியின் அடியில் சுருள் கிடந்தால் அது 0 டிகிரி என்று நீங்கள் நம்பும்போதே 4 டிகிரியில் இருக்கலாம். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு நல்ல பிடி100 (பிளாட்டினம் மின்தடை) தெர்மாமீட்டரைச் சுருளோடு சேர்த்துக் கட்டுங்கள், தொட்டியின் வெப்பநிலையை ஊகிக்காதீர்கள்.

சுருளில் ரெசல்யூஷனைப் போலப் பத்து மடங்கு இழையாவது இருக்கட்டும், 1 மீட்டர் கருவிக்கு 10 மீட்டர், முடிந்தால் 20. சுருளின் இரு ஓரத்திலும் உள்ள புள்ளிகளில் வெளி வெப்பநிலை கலந்திருக்கும், அவற்றைக் கழித்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இந்தத் தொட்டிகளை ஒருமுறை பயன்படுத்திவிட்டு எடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அதை நான் ஏற்கவில்லை. லேசரின் நிலையும் டிடெக்டரின் சூடும் நேரத்துக்கு நேரம் மாறும், அறையின் ஏசி ஓடி நின்றால்கூட நிலையெண் நகரும். தொட்டி தொடர்ந்து இருந்தால் ஒவ்வொரு அளவீட்டையும் தனித்தனியாகத் திருத்தலாம். நிரந்தர அமைப்பில் ஐஸ் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்றால், காப்பிட்ட பெட்டிக்குள் சுருளையும் தெர்மாமீட்டரையும் வைத்துவிடுங்கள், வெப்பநிலை எதுவாக இருந்தாலும் அது தெரிந்தால் போதும்.

அப்புறம், நான்காவதாக ஒரு சுருள் வையுங்கள், அதைத் திருத்தத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. திருத்திய பிறகு அந்தச் சுருளில் கருவி சொல்வதும் அதன் தெர்மாமீட்டர் சொல்வதும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே உங்கள் அமைப்பின் உண்மையான துல்லியம். விவரப் பட்டியலில் அச்சிட்டிருக்கும் எண்ணை அறிக்கையில் எழுதாமல் இதை எழுதுங்கள்.

படி 7: எந்த மீட்டர், எந்த இடம்

கருவி சொல்லும் தூரம் இழையின் நீளம். தரையில் நீங்கள் அளக்கும் தூரம் வேறு. தளர்வான குழாய்க்குள் இழை கேபிளைவிடச் சற்று நீளமாக வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கூடுதல் 0.3 சதவீதம் என்றால் 10 கி.மீ. கேபிளின் முடிவில் 30 மீட்டர் தள்ளிப்போகும். ஒளிவிலகல் எண்ணை 1.468க்குப் பதில் 1.470 என்று போட்டாலே அதே தூரத்தில் 13 மீட்டருக்கு மேல் பிழை வரும். வழியில் ஸ்ப்ளைஸ் பெட்டிகளில் சுற்றி வைத்த உபரி இழை இதோடு சேரும். பழுது இருக்கிறது என்று தோண்டினால் வேறு இடத்தில் குழி விழும்.

இதைச் சரிசெய்ய ஒரே வழி, இடத்தை நேரில் குறிப்பது. தெரிந்த ஓர் இடத்தில் கேபிளின் சில மீட்டரை வெந்நீரிலோ ஐஸிலோ வையுங்கள், திரையில் மேடோ பள்ளமோ எந்த மீட்டரில் வருகிறது என்று பாருங்கள், ஜிபிஎஸ் இடத்தையும் ஜாக்கெட்டில் அச்சிட்ட மீட்டர் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். தொடக்கம், முடிவு, ஒவ்வொரு திருப்பம், ஒவ்வொரு ஸ்ப்ளைஸின் முன்னும் பின்னும், நேரான பகுதிகளில் சில நூறு மீட்டருக்கு ஒருமுறை. புதைப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், மூடிய பிறகு, கேபிள் வெளியே தெரியும் இடங்களில் தவிர, செய்ய முடியாது. இரண்டு குறிகளுக்கு நடுவே நேர்கோட்டுக் கணக்குப் போதும்.

படி 8: அமைப்புகளும் சராசரியும்

10 கி.மீ. போய்த் திரும்ப ஒளிக்கு 100 மைக்ரோநொடி ஆகும், அதனால் நொடிக்கு அதிகபட்சம் 10,000 பல்ஸ். ஒரு பல்ஸில் கிடைப்பது வெறும் சலசலப்பு, பல ஆயிரம் பல்ஸ்களைச் சராசரி எடுத்தால்தான் வெப்பநிலை தெரியும். சலசலப்பைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும், பத்தில் ஒரு பங்காக்க நூறு மடங்கு. தீயைக் கண்டுபிடிக்கும் அமைப்பில் சில நொடிகளுக்குள் பதில் வேண்டும், துல்லியம் ஒரு டிகிரி போனாலும் பரவாயில்லை. ஆற்றில் நிலத்தடி நீர் கலக்கும் இடத்தைத் தேடும்போது நேரெதிர், அரை மணி நேரம் எடுத்தாலும் ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு வித்தியாசம்கூடத் தெரிய வேண்டும்.

குறுகிய சராசரியில் பதிவுசெய்து, பிறகு கணினியில் சேர்த்துக்கொள்வதே நல்லது. நீண்ட சராசரியாகப் பதிந்ததைப் பிரிக்க முடியாது. கருவியை ஆன் செய்த உடனே வரும் அளவுகளை விட்டுவிட்டு அது சூடேறி நிலைக்கு வரும் வரை பொறுங்கள்.

படி 9: தரவும் எச்சரிக்கையும்

மீட்டருக்கு ஒரு புள்ளி, நிமிடத்துக்கு ஓர் அளவீடு என்றால் 10 கி.மீ.க்கு ஒரு நாளில் 1 கோடியே 44 லட்சம் எண்கள் சேரும். கருவி கணக்கிட்ட வெப்பநிலையோடு, மூலமான ஸ்டோக்ஸ், ஆன்டி-ஸ்டோக்ஸ் வலிமைகளையும் கட்டாயம் சேமியுங்கள். அவை இருந்தால் திருத்தத்தை எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்யலாம், இல்லையென்றால் கருவி சொன்னதே கடைசி வார்த்தை. பைதானில் இதற்கென்றே டிடிஎஸ்கேலிப்ரேஷன் என்ற திறந்த மூல நூலகம் இருக்கிறது, ஒரு முனை, இரு முனை இரண்டுக்கும் கணக்கிடும், பிழை அளவையும் சேர்த்தே கொடுக்கும்.

தூரத்தைக் கிடையிலும் நேரத்தைச் செங்குத்திலும் வைத்து வெப்பநிலையை நிறமாகத் தீட்டிப் பாருங்கள். ஒரே மீட்டரில் நாள் முழுக்க நிற்கும் கோடு என்றால் ஸ்ப்ளைஸாகவோ வளைவாகவோ கேபிள் வெளியே தெரியும் இடமாகவோ இருக்கும். ஒரே நேரத்தில் எல்லா மீட்டரிலும் வரும் கோடு என்றால் கருவியின் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. உண்மையான நிகழ்வு ஓரிடத்தில் தொடங்கிப் பரவும்.

எச்சரிக்கைக்கு ஒரே ஒரு வரம்பு வைத்தால் ஒன்று அது ஓயாமல் அடிக்கும், இல்லையென்றால் தேவைப்படும்போது அடிக்காது. பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று நிபந்தனைகளைச் சேர்த்து வையுங்கள்: அதிகபட்ச வெப்பநிலை, ஏறும் வேகம், அந்தப் பகுதியின் சராசரியைவிட ஒரு புள்ளி எவ்வளவு மேலே போகிறது என்பது. வைத்த பிறகு ஒவ்வொரு பகுதியிலும் கேபிளை நேரில் சூடாக்கிச் சோதியுங்கள்.

கேபிள் அறுந்து ஒட்டினால், புதிதாகச் சேர்த்த இழையின் நீளத்தால் அதற்கு அப்பால் உள்ள எல்லா மீட்டரும் நகரும், புதிய ஸ்ப்ளைஸால் இழப்பும் மாறும். அன்றைக்கே ஓடிடிஆர் பதிவை மறுபடி எடுத்து, ஒட்டிய இடத்துக்கு அப்பால் குறைந்தது இரண்டு இடங்களில் வெந்நீர் வைத்து இடக்கணக்கைத் திருத்தி, பழைய வரைபடத்தின் மேல் தேதியை எழுதி ஓரமாக வைத்துவிடுங்கள்.